கள்ளுக்கடை லைசென்சும் நம்ம தோட்டத்துச் சனங்களும்

"இந்தியர்னாலே குடிதான்" என்று பிறர் சொன்னா நமக்குச் சுருக்கென்று இருக்கும். இப்போ நம்ம பிள்ளைகளே அதைச் சிரிச்சுக்கிட்டு சொல்றாங்க. அதனால ஆலயத் தொண்டர்கள் நாங்க, இந்தக் குடி யார் கொடுத்த அனுமதியில நம்ம லயத்து வாசலுக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் எழுதுறோம். பொறுமையா படிங்க.

வெள்ளைக்காரன் காலத்து மலாயாவில் கள்ளு விற்க லைசென்ஸ் வேண்டும். பட்டணத்தில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. தோட்டத்தில் லைசென்ஸ் நிர்வாகத்தின் கையில். கடையில் வரும் லாபத்தைத் தனி நிதியாகச் சேர்த்துத் தொழிலாளர் நலனுக்குச் செலவு செய்யணும் என்பது ஏற்பாடு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. சம்பளம் கொடுக்கிறதும் துரை, கள்ளு விற்கிறதும் துரையோட கடை. பால் வெட்டிச் சம்பாதிச்ச காசு சாயங்காலமே திரும்பிப் போயிடும். அப்புறம் அதே காசில் 'நலன்' செய்வாங்களாம்!

1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. கள்ளுக்கடையை மூடணும் என்று அது குரல் கொடுத்தது. தோட்ட முதலாளிகள் சொன்ன பதில், கள்ளு உடம்புக்கு நல்லது, அதை மூடினா ஆளுங்க சம்சு தேடிப் போயிடுவாங்க என்பது. சம்சு பயம் பொய் இல்லை, பிற்காலத்தில் சம்சு எத்தனை குடும்பத்தைக் கெடுத்துச்சுன்னு நமக்கே தெரியும். ஆனா அந்தக் கவலையில்தான் கடை நடத்தினாங்கன்னு எங்களால நம்ப முடியலை.

சப்பான்காரன் போன பிறகு கெடாவில் நிலைமை மாறியது. பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். படிச்ச பெரிய தலைவர் யாரும் மேலே இருந்து வந்து நடத்தலை. தோட்டத்து ஆளுங்களே சேர்ந்தாங்க, பெண்களும் முன்னுக்கு வந்தாங்க. குடிச்சிட்டு வர்ற புருஷன்கிட்ட அடி வாங்கினது அவங்கதானே. 1947 பிப்ரவரி 28-இல் பீடோங் கள்ளுக்கடை முன்னால மறியல். போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் இறந்து போனார். சாமியைப் பிடிச்சு உள்ளே போட்டாங்க. தோட்டங்களில் கலவரம் தொடர்ந்தது. நாங்க படிச்ச காலத்துச் சரித்திரப் பாடத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

இன்னிக்கு நாட்டில் இருப்பது 1976 கலால் சட்டம். மதுக்கடை லைசென்சை உரிம வாரியம் முடிவு செய்யுது. வாங்குற வயசு முன்பு 18, 2017 டிசம்பரில் இருந்து 21. கோலாலம்பூரில் மாநகர் மன்ற விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல் மளிகைக் கடையிலும் 24 மணி நேரக் கடையிலும் சாராய வகை விற்கக் கூடாது. பீர் மட்டும் காலை 7 முதல் இரவு 9 வரை. வழிபாட்டு இடம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் நிலையம் இவற்றுக்கு எதிரே மதுக்கடை இருக்கக் கூடாது என்றும் அந்த விதிகள் சொல்லுது. தலைநகரத்து ஆலயங்கள் இதைக் கையில வச்சிருக்கணும். அன்னிக்குக் கடையை லயத்துப் பக்கத்துல வச்சப்ப கேட்க ஒரு தாளும் இல்லை நம்மகிட்ட.

பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் இருந்து வந்த குடும்பங்கள் நம்ம ஆலயத்தில் நிறைய. தொண்டர் படையில் இருந்த தாத்தா, பாட்டி பேர், தோட்டத்துப் பேர், பழைய படம் இருந்தா கீழே போடுங்க. எழுத வராதவங்க வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்.