யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் பதிவேடும்

வைத்தியம் செய்யத் தகுதியானவர் யார் என்பதை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஊரே தீர்மானித்தது. பரியாரியாருக்குப் பரம்பரையே சான்று. தகப்பனிடமோ மாமனிடமோ ஏடு படித்து, மருந்து இடித்து, நாடி பிடிக்கப் பழகியவருக்குக் கைராசி உண்டென்று நாலு ஊர் சொன்னால் போதும். கை தவறினால் சனம் அவரிடம் போவதை நிறுத்தும். அதற்கு மேல் விசாரணை இல்லை.

எழுத்துச் சான்றுக்கு வலுவான தொடக்கம் மானிப்பாயில் கிடைத்தது. 1847இல் அமெரிக்க மிசன் அனுப்பிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கொழும்பில் 1870இல் மருத்துவப் பள்ளி தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் கற்றுத் தேறினர். பிற்காலத்தவர் 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களின் துணையோடு தமிழிலேயே கற்றனர். பிரித்தானியா 1858இல் வைத்தியர் பதிவேட்டைச் சட்டமாக்கியிருந்தது. இலங்கையில் அன்று அப்படி ஒன்றில்லை. ஆகவே கிறீனின் மாணவருக்கு ஆசானின் கையெழுத்தே உரிமப் பத்திரமாயிற்று. பரம்பரையின் இடத்தில் பரீட்சை வந்தது பெரிய மாற்றம். எனினும் தேறிய பின் தவறிழைத்தவரைக் கேட்க ஓர் அமைப்பு அப்போதும் இல்லை.

பதிவுச் சட்டம் 1905இல் வந்தது. இன்றுள்ள ஏற்பாட்டின் அடிப்படை 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம். இலங்கை மருத்துவ சபை அதன்படி வைத்தியர், பல்வைத்தியர், மருத்துவிச்சி, மருந்தாளர், பழைய பேச்சில் அப்போதிக்கரி எனப்பட்டோர் ஆகியோரின் பதிவேடுகளைப் பேணுகிறது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் பட்டதாரி தற்காலிகப் பதிவோடு உள்ளகப் பயிற்சி முடித்த பின்னரே முழுப் பதிவு பெறுவார். வெளிநாட்டில் படித்தவர் தனிப் பரீட்சையில் தேற வேண்டும். தாதியருக்கு 1988இல் தனிச் சட்டம் வந்தது.

வாசலில் இவ்வளவு காவல் வைத்த சட்டம் உள்ளே வந்தவர்மேல் அதே கண்ணை வைக்கவில்லை. தொழிலில் இழிவான நடத்தைக்குப் பெயரை நீக்கலாம் என்ற வாசகம் பிரித்தானியச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் நோக்கு நடத்தை. நோயால் தளர்ந்த வைத்தியரும் அறிவு பழசாகிப்போன வைத்தியரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் நோயாளிக்கு ஆபத்தானவர்கள். பிரித்தானியா இதை உணர்ந்து 1980இல் வைத்தியரின் உடல்நலத்தையும் 1997இல் தொழிற்றிறனையும் விசாரணைக்குள் கொண்டுவந்தது. இலங்கைச் சட்டமும் அந்தப் பக்கம் திரும்புவதே முறை.

சித்த வைத்தியர் வேறொரு பதிவேட்டில் இருக்கிறார். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அமைத்த சபையே அவருக்குப் பொறுப்பு. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்கீழ் பயின்ற பட்டதாரியும், பரம்பரையாக முறிவு நெரிவுக்கும் விசகடிக்கும் வைத்தியம் பார்ப்பவரும் அந்தச் சபையிடமே பதிவு பெறுகின்றனர். ஊர் கொடுத்த சான்றுக்கு அரசு முத்திரை கிடைத்தது இதனால்தான்.

இந்த ஏற்பாடுகளின் பயன் முறைப்பாடு செய்வோரைப் பொறுத்தது. குடாநாட்டில் அது எளிதன்று: வைத்தியர் தூரத்து உறவாக இருப்பார், அல்லது நாளைக்கும் அவரிடமே போகவேண்டியிருக்கும். நெடுந்தீவு போன்ற இடத்தில் வேறு வைத்தியரைத் தேடப் படகேற வேண்டும். குறை உள்ளவர் முதலில் எந்தச் சபை பொறுப்பு என்று பார்த்து, திகதியும் சிகிச்சைத் துண்டும் சேர்த்து எழுத்தில் அனுப்ப வேண்டும். தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.