தொப்புள்கொடி சொன்ன சாட்சியம்

கருவிலிருந்த காலத்தில் ஒரு குழந்தையின் உடலில் எந்த மருந்து, எந்த நஞ்சு சேர்ந்தது என்பதை, அதன் முதல் மலத்திலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் இன்றைய ஆய்வுகூடங்கள் கண்டறிகின்றன. பிறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் தொப்புள்கொடி சாட்சி சொன்ன வரலாறு ஒன்று ஜப்பானின் மினமாட்டா என்னும் கடலோர ஊருக்கு உண்டு.

அங்கிருந்த சிஸ்ஸோ இரசாயனத் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டு முதல் அசற்றல்டிகைட் உற்பத்தி செய்து வந்தது. அதற்குப் பயன்படுத்தப்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீருடன் கடலில் கலந்து, மீனிலும் சிப்பியிலும் சேர்ந்தது. அவற்றை உண்டவர்களின் கைகால்கள் நடுங்கின, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது. 1956 மே 1ஆம் திகதி, தொழிற்சாலையின் சொந்த வைத்தியசாலையே இப்புதிய நோயைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தது.

அதே காலத்தில் அங்கு பல குழந்தைகள் மூளைவாதம் போன்ற குறைபாடுகளுடன் பிறந்தனர். அவர்கள் மீன் உண்டவர்கள் அல்லர். தாய்மாரிடமோ நோயின் அறிகுறிகள் பெரிதாகக் காணப்படவில்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள சூல்வித்தகம் நஞ்சைத் தடுத்துவிடும் என்பதே அன்றைய மருத்துவத்தின் நம்பிக்கை. ஆகவே இது வேறு நோய் என்றனர் வல்லுநர். தாம் உண்ட மீனின் நஞ்சே பிள்ளையைச் சேர்ந்தது என்றனர் தாய்மார். குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் இளம் வைத்தியர் மசசுமி ஹராடா வீடு வீடாகச் சென்று அத்தாய்மாரின் சொல்லுக்குச் செவிகொடுத்தார். இறந்த குழந்தைகளின் பிரேத பரிசோதனைகளும் அதனை உறுதிப்படுத்த, 1962 நவம்பரில் 16 குழந்தைகள் பிறவியிலேயே மினமாட்டா நோய்க்கு உள்ளானவர்கள் என ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, குருதியிலும் தலைமயிரிலும் பழைய பாதரசத்தின் தடயம் மறைந்துவிடும். பிறப்பு வேளையில் உடலில் இருந்த அளவை எங்கே தேடுவது?

குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் பேணி வைப்பது ஜப்பானியத் தாய்மாரின் வழக்கம். ஹராடா அவற்றைக் கேட்டுப் பெற்றார். 1975இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, கொடிகளிலிருந்த மெத்தில் பாதரசத்தின் அளவு தொழிற்சாலையின் உற்பத்தியோடு ஒத்து ஏறியிறங்கியதைக் காட்டிற்று.

தொழிற்சாலை அந்த உற்பத்தியை நிறுத்தியது 1968 மே மாதத்தில். அரசாங்கம் நோயின் காரணத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றது அதே ஆண்டு செப்டெம்பரில். குழந்தைகளின் நோய் இன்னதென்று ஒப்புக்கொண்ட பின்னரும் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் அக்கழிவு வெளியேறிக்கொண்டே இருந்தது.  பாசத்தின் அடையாளமாகத் தாய்மார் பேணிய சிறு பெட்டிகள் அவ்வாண்டுகளின் கணக்கைக் காத்து வைத்திருந்தன.