தமனிச் சுவரைக் காட்டிய ஒலி

இதயத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் சுவரை மீயொலியால் படமெடுக்கும் முறைக்கு ஐவஸ் என்று பெயர். ஆஞ்சியோகிராம் காட்டாததைக் காட்டவே அது பிறந்தது.

1958இல் அமெரிக்க மருத்துவர் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த இதய ஆஞ்சியோகிராமில், சாயம் ஓடும் வழி மட்டுமே தெரியும். சுவருக்குள் படிந்த கொழுப்பு தெரியாது. படிவு பெருகும்போது தமனி வெளிப்பக்கம் விரிந்துகொடுக்கும். தமனிப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை உள்வழி குறுகுவதில்லை என்று 1987இல் சிகாகோவின் சீமோர் கிளாகோவ் காட்டினார். ஆஞ்சியோகிராம் சரியாக இருந்தும் நோய் முற்றியிருக்கலாம் என்பது இதனால் உறுதியானது.

கருவி வேறொரு தேவைக்காக முன்பே உருவாகியிருந்தது. 1972இல் ராட்டர்டாமில் நிக்கோலாஸ் போம், குழாய் நுனியில் மீயொலி எழுப்பும் 32 படிகங்களைப் பொருத்தி இதய அறைகளைப் படமெடுத்தார். 1980களில் பால் யாக் அதைத் தமனிக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாக்கினார். இன்றைய குழாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நுனியிலிருந்து புறப்படும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். குழாயை நொடிக்கு 0.5 மில்லிமீட்டர் வேகத்தில் பின்னிழுத்தால் சுவரின் குறுக்குவெட்டுகள் வரிசையாக விழும். கொழுப்பு மங்கலாகவும், கால்சியம் பளிச்சென்று பின்னால் நிழலோடும் தெரியும்.

சிகிச்சையை மாற்றியது 1995. தமனியைத் திறந்துவைக்கும் வலைக்குழாய்களான ஸ்டென்ட்களில், ஆஞ்சியோகிராமில் நன்றாகத் தெரிந்த பல உண்மையில் முழுதாக விரியவில்லை என்பதை மிலானின் அந்தோனியோ கொலம்போ குழு ஐவஸில் கண்டது. கூடுதல் அழுத்தத்தில் விரித்தபின், கடுமையான உறைவுத்தடுப்பு மருந்துகள் தேவைப்படவில்லை. 2024இல் ஐரோப்பிய இதயவியல் கழகம், சிக்கலான அடைப்புகளுக்கு தமனிக்குள்ளிருந்து படமெடுக்கும் இத்தகைய பரிசோதனையை வலுவாகப் பரிந்துரைத்தது.

இந்தியாவில், தமனி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழிகாட்டியவர், 1986இல் சென்னை அப்போலோவில் அதைத் தொடங்கிய மேத்யூ சாமுவேல் கலரிக்கல். பெருநகரங்களுக்கு வெளியே நிலை வேறு. உதாரணமாக, தென்காசி, குற்றாலம் வட்டாரம் 2019 நவம்பர் 22இல் தனி மாவட்டமாகும்வரை திருநெல்வேலியோடு இருந்தது. 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் திருநெல்வேலியில்தான் உள்ளது. ஐவஸுக்குக் கேத் லேப் எனப்படும் இதயக் குழாய்ச் சிகிச்சைக் கூடம் வேண்டும். மலையடிவார ஊர்களிலிருந்து அத்தகைய கூடத்துக்குச் சென்று சேர நேரமாகும். அந்த இடைவெளியைச் சமாளிக்க, தமிழக அரசு 2023இல் இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் தரப்படுகின்றன. சுவரை அளந்து ஸ்டென்டின் நீள அகலத்தைத் தீர்மானிப்பது அதற்கு அடுத்த கட்டம்.