ஜாடி வெள்ளரி ஊறுகாய்

ஜாடி வெள்ளரி ஊறுகாய் என்பது பிஞ்சு வெள்ளரிக்காயை உப்புநீரில் மூழ்கவைத்து, பல நாள் புளிக்கவிட்டு எடுப்பது. எண்ணெய்க்கு இதில் இடமில்லை. புளிப்பும் வெளியிலிருந்து சேர்க்கப்படுவதன்று. காயின் தோலில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுவதால் வருகிறது. வினிகர் ஊற்றிப் புட்டியில் அடைக்கும் கடைச் சரக்கு வேறு வகை. போலந்து, உக்ரைன், ரஷ்யா, லிதுவேனியா, ஜெர்மனி நாடுகளின் வீட்டுச் சமையலில் இது நெடுங்காலமாக உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் வழியாக நியூயார்க்கிலும் வேரூன்றியது.

வெள்ளரியின் காட்டு இனம் இமயமலை அடிவாரத்தில் இன்றும் கசப்புக் காய்களுடன் வளர்கிறது. அது முதலில் இந்தியாவில்தான் பயிரானது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். மேற்கே எப்போது சென்றது என்பதில் அந்த உடன்பாடு இல்லை. ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு நாள்தோறும் வெள்ளரி வேண்டியிருந்தது, அதற்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வளர்த்தனர் என்று பண்டை ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதாகவே பல காலம் படிக்கப்பட்டது. தாவரவியல் வரலாற்று ஆய்வாளர்களான ஜூல்ஸ் ஜானிக், ஹாரி பாரிஸ் ஆகியோரோ பிளினி குறிப்பிட்ட காய் முலாம்பழ இனத்தைச் சேர்ந்த, நீண்டு வளையும் வேறொரு காய் என்றும், வெள்ளரி ஐரோப்பாவை எட்டியது இடைக்காலத்தில்தான் என்றும் வாதிடுகின்றனர். இது சரியென்றால், பண்டை ரோமிலும் எகிப்திலும் வெள்ளரி ஊறுகாய் உண்டனர் என்று சமையல் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து செய்திகள் சற்றுத் தெளிவாகின்றன. இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவின் ஸ்னோய்மோ நகருக்கு வெள்ளரியைக் கொண்டுவந்தவர் அருகிலிருந்த மடத்தின் தலைவர் என்பது அவ்வூர் மரபு. பெர்லினுக்குத் தென்கிழக்கே உள்ள ஷ்பிரேவால்ட் பகுதியில் டச்சுக் குடியேறிகள் அதைப் பரப்பியதாகச் சொல்வர். உக்ரைனின் நீஷின் நகரில் உப்பிட்ட வெள்ளரி பெரும் வணிகமாக வளர்ந்தது. குளிர்காலம் முழுவதும் பசுங்காய் கிடைக்காத நாடுகளில், நிலவறையில் இருந்த ஒரு ஜாடி அடுத்த கோடைவரை காய்க்கு வழி செய்தது.

ஜாடிக்கும் தனி வரலாறு உண்டு. ஈய மெருகிட்ட மண்பாண்டத்தில் புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து உணவில் கலந்துவிடும். உப்பு மெருகிட்ட ஜாடிக்கு அந்தக் குறை இல்லை. ரைன் ஆற்றங்கரைக் குயவர்கள் சூளை நன்கு சூடேறிய நிலையில் உள்ளே உப்பை அள்ளி வீசினர். உப்பின் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோல்போல் புள்ளியிட்ட கண்ணாடிப் படலமாகப் படிந்தது. ஆக, ஊறுகாயைக் காக்கும் உப்பே அதன் பாத்திரத்தையும் காத்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ரெட் விங் ஊரில் 1877-இல் தொடங்கிய மண்பாண்டத் தொழில் 1967 வரை நடந்தது. சிவப்புச் சிறகு முத்திரையிட்ட அவ்வூர் ஜாடிகளைப் பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

புளிப்புக்குக் காரணம் நுண்ணுயிர் என்பதை லூயி பாஸ்டர் 1857-இல் எடுத்துக்காட்டினார். வெள்ளரிக்கென்றே விரிவான ஆய்வு நடந்தது 1930-களுக்குப் பிறகு, வட கரோலினாவின் ராலே நகரில். ஜான் எட்செல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஊறுகாய்த் தொட்டிகளின் பக்கத்திலேயே இருந்து உப்பின் அளவு, அமிலம், ஈஸ்ட், பாக்டீரியா ஆகியவற்றைப் பதிவு செய்தனர். அவர்கள் கண்டறிந்தவற்றுள் ஒன்று வீட்டுச் சமையலறைக்கு நேரே பயன்பட்டது. சில ஜாடிகளில் காய் ஏன் கொழகொழத்துப் போகிறது என்ற கேள்விக்கு, பிஞ்சின் நுனியில் வாடி ஒட்டியிருக்கும் பூவே விடையாக அமைந்தது. அதில் வளரும் பூஞ்சையின் நொதிகள் உப்புநீரில் கலந்து, காயை உறுதியாக வைக்கும் பெக்டினைக் கரைத்துவிடுகின்றன. பூ இருந்த நுனியை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எறிய வேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுவே. ஜாடியில் திராட்சை இலை போட்டால் காய் மொறுமொறுப்பாக நிற்கும் என்ற பாட்டிமார் வழக்கமும் வீணன்று. அவ்விலையில் அந்நொதியைத் தடுக்கும் பொருள் இருப்பது பின்னர் தெரியவந்தது. செர்ரி, ஓக் இலைகளையும் இதே நோக்கில் போடுவதுண்டு.

அமெரிக்க வேளாண் துறையின் வீட்டுக் குறிப்பு 1.8 கிலோ காய்க்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர், அரைக் கோப்பை உப்பு, கால் கோப்பை வினிகர் என்று அளவு சொல்கிறது. சதகுப்பை, பூண்டு, காய்ந்த மிளகாய் ஆகியவை மணத்துக்கு. பழைய முறையைப் பின்பற்றுவோர் வினிகரைச் சேர்ப்பதில்லை. அயோடின் கலந்த உப்பு நொதித்தலைக் கெடுக்கும் என்று பலர் நம்புகின்றனர்; கட்டி தட்டாமலிருக்க அதில் சேர்க்கும் பொருளால் நீர் கலங்குவது மட்டும் உறுதி. காய் மிதக்காதபடி மேலே தட்டு வைத்து, அதன்மேல் கனம் ஏற்றுவர். ஓரிரு நாளில் குமிழி எழும். பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறத்துக்கு மாறும். மேலே படரும் வெண்படலத்தை அவ்வப்போது வழித்தெடுக்க வேண்டும். 21 முதல் 24 பாகை செல்சியஸில் மூன்று நான்கு வாரம் பிடிக்கும். 27 பாகையைத் தாண்டினால் காய் இளகிவிடும் என்பதால் வெப்பநாட்டுச் சமையலறையில் இதைச் செய்வது எளிதன்று. சில நாளிலேயே எடுத்துக் குளிரில் வைப்பது அரைப்புளிப்பு வகை.

21ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் சாண்டோர் காட்ஸின் நூல்கள் வீட்டு நொதித்தலுக்குப் புதிய வாசகர்களைச் சேர்த்தன. காற்று வெளியேறும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் பரவலாயின. இந்தியாவிலோ, 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்துத் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவிய கெர்கின் எனும் குட்டி வெள்ளரிச் சாகுபடி பெரும்பாலும் ஒப்பந்த முறையில் நடக்கிறது. அதன் விளைச்சலில் பெரும்பகுதி உப்புநீரிலோ வினிகரிலோ பதப்படுத்தப்பட்டு ஏற்றுமதியாகிறது.