ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்த கடிகாரம்

வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், வேண்டாத மின்குமிழை அணையுங்கள் என்பார்கள். 1996ஆம் ஆண்டு இலங்கை அரசு அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்தது. நாட்டின் கடிகாரத்தையே மாற்றியது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. அன்று நமது மின்சாரத்தின் பெரும்பங்கு நீர்வீழ்ச்சிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இருந்தே வந்தது. மலைநாட்டில் நீர் வற்ற, நாடெங்கும் பல மணி நேர மின்வெட்டு. அந்த மலைகளில் பிறக்கும் மகாவலி கங்கை எங்கள் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு கலக்கிறது. தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாலும் வெளிச்சம் என்னவோ வரவில்லை.

மே 25ஆம் திகதி கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. இது முதல் தடவையன்று. உலகப் போரின்போது, 1942இல், ஆங்கிலேயர் அரை மணி அரை மணியாக இரு முறை முன்தள்ளி, 1945 ஒக்டோபரில் பழையபடி ஆக்கினர். கணக்கு எளியது. மின் தேவை உச்சம் தொடுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, அதற்குக் காரணம் வீடுகள். கடிகாரம் முந்தினால் உறங்கச் செல்லும் நேரமும் முந்தும், ஒரு மணி நேர விளக்கு மிச்சம்.

இலண்டனில் இது பொருந்தும். அங்கே கோடையில் பகல் வெகுவாக நீளும். திருகோணமலையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரம்கூட வேறுபடுவதில்லை. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் மாலை விளக்கு தாமதித்து எரிந்தது உண்மை. ஆனால் ஐந்து மணிக்கு எழும் அம்மாவுக்குப் பொழுது விடிய ஏழு மணியாயிற்று. சமையலறை விளக்கு காலையில் கூடுதலாக எரிந்தது. உச்ச நேரச் சுமை சற்றே தளர்ந்திருக்கலாம். வீட்டுக் கணக்கில் நாங்கள் சேமித்ததைவிட இடம்மாற்றி எரித்ததே அதிகம். பிள்ளைகள் அரையிருட்டில் பள்ளிக்குப் புறப்பட்டார்கள். ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணி நேரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மிச்ச அரை மணி, மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பிய பின்னரும் பத்தாண்டுகள் நிலைத்தது.

விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. எனவே எங்கள் மாவட்டத்தில் இரு நேரங்கள். நகரில் புதிய நேரம், குடாவுக்கு அப்பால் சம்பூரில் பழைய நேரம். 2002 போர்நிறுத்தத்தின் பின் செய்தி சேகரிக்க அங்கே செல்லும்போது, சந்திப்பு நேரத்தைக் குறித்ததும் 'எந்த நேரம்?' என்று கேட்டே ஆகவேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க வந்த அரை மணி, இன்னாரின் ஆட்சிக்கு உட்பட்டவர் இன்னார் என்று காட்டும் எல்லைக்கோடாகிவிட்டது. இராகுகாலம் பார்க்கும் அம்மாவோ, யாருடைய ஆட்சியையும் பொருட்படுத்தாமல் அரை மணியைக் கழித்துக்கொள்வார்.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி, ஆர்தர் சி. கிளார்க்கின் ஆட்சேபத்தையும் மீறி, அரசு பழைய நேரத்துக்குத் திரும்பியது. குடாவின் இரு கரைகளிலும் கடிகாரங்கள் ஒத்துப்போயின. பத்து நாள் கழித்துச் சம்பூர் பகுதியில் விமானங்கள் குண்டு வீசின. இடம்பெயர்ந்த மக்கள் பலர் 2015இன் பின்னரே திரும்ப முடிந்தது. அங்கே திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

அதே மாதம் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை விடுத்த வேண்டுகோளை வாசித்தபோது எனக்கு 1996 நினைவுக்கு வந்தது. பகலில் மின்சாரம் மிகுந்துவிட்டதாம். கூரைகளில் சூரியக் கலங்கள் வைத்திருப்போர் அவற்றை நிறுத்திவைக்க வேண்டுமாம். மாலை 6.30க்கோ வழக்கமான தட்டுப்பாடுதான். ஆடைகளை அழுத்துவதையும் நீர் பம்பியை ஓட்டுவதையும் நண்பகலுக்கு மாற்றினால் போதும், கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.