உருளும் இருட்டறை

பெரிய கேமராவில் எடுத்த ஷீட் பிலிமை வீட்டிலேயே கழுவும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்னும் அழியவில்லை. 4x5 அங்குலம், 5x7, 8x10 என்று தனித்தனித் தாளாக வரும் பிலிம் இது. கழுவித் தரும் லேப்கள் குறைந்துபோன பிறகும் இதை விடாமல் பிடித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழமை மேலுள்ள பிரியம்தான் காரணம் என்று சொல்வது வழக்கம். பிரியம் மட்டும் இருந்து என்ன செய்வது? கழுவ இடம் வேண்டுமே. அந்த இடத்தைக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டிரம். அதுவும் பிலிமுக்கென்று செய்ததில்லை, கலர் பிரிண்ட் போடுவதற்காகச் செய்தது. புகைப்பட வரலாறுகள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றையாவது இந்த டிரம்முக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டிரம்மின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னிருந்த பாட்டைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் சிவப்பு விளக்கின் கீழே, படம் எழும்பி வருவதைக் கண்ணால் பார்த்தபடியே கழுவ முடிந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873-இல், சாயம் சேர்த்தால் தட்டின் நிற உணர்வைக் கூட்டலாம் என்று கண்டறிந்தார். 1906-இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறத்தையும் உணரும் பான்க்ரோமாட்டிக் தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வானமும் உதடும் இயல்பான சாயலில் பதிந்தன. ஆனால் அதற்கு விலையாக இருட்டறையின் சிவப்பு விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஷீட் பிலிம் கழுவுவது முழுக்க முழுக்கக் குருட்டு வேலை. பிலிமின் ஓரத்தில் வெட்டியிருக்கும் சிறு பள்ளங்களை விரல் தடவிப் பார்க்கும். தாளை நெடுக்காகப் பிடித்து, பள்ளம் வலதுபக்க மேல்மூலையில் இருந்தால் எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு, நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஆறு தாள்களைத் தண்ணீரில் நனைத்து, டெவலப்பர் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அடியில் கிடப்பதை உருவி மேலே வைத்து, மறுபடி அடியிலிருந்து உருவி, பத்து நிமிடமானாலும் இதையே செய்துகொண்டிருக்க வேண்டும். ஈரத்தில் எமல்ஷன் ஊறிக் குழைந்திருக்கும். மேல் தாளின் மூலை கீழ்த் தாளில் பட்டால் வானத்தில் ஒரு கீறல் விழும். அதைத் தவிர்க்க, தாள்களைச் சட்டத்தில் மாட்டி ஆழமான தொட்டியில் இறக்கும் முறை இருந்தது. அதற்கு லிட்டர் கணக்கில் கரைசல் தேவைப்பட்டது. சட்டத்தின் துளைகள் வழியே கரைசல் வேகமாகப் பாய்ந்து, ஓரத்தில் மட்டும் படம் கூடுதலாகக் கருக்கும் குறையும் இருந்தது.

கழுவுவது என்று தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ, தண்ணீர் என்று நாலு கட்டம் உண்டு. இருட்டு அவசியப்படுவது பிலிமைத் தொட்டு எடுத்து வைக்கும் நேரத்தில்தான். ரசாயனத்துக்கு இருட்டோடு எந்த உறவும் கிடையாது. தட்டு முறையில் இரண்டும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்தன. ரோல் பிலிமுக்கு இந்த ஒட்டு சீக்கிரமே அவிழ்ந்தது: கோடக் நிறுவனம் 1902-லேயே வெளிச்சத்தில் வைத்துக் கழுவும் பெட்டி விற்றது. ஷீட் பிலிமுக்கு அந்த விடுதலை பரவலாக வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. வந்ததும் பக்கத்து வீட்டு வாசல் வழியாகத்தான்.

அந்தப் பக்கத்து வீடு கலர் பிரிண்ட். கலர் தாளுக்கு ஏறக்குறைய முழு இருட்டு வேண்டும், கரைசலின் சூடும் துல்லியமாக இருக்க வேண்டும், ரசாயனமும் விலை அதிகம். 1970களில் சிபாக்ரோம் போன்ற தாள்களை அமெரிக்க அமெச்சூர்கள் வீட்டிலேயே கழுவத் தொடங்கியபோது, யூனிகலர், பெஸ்லர் முதலிய நிறுவனங்கள் ஒளி புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்களை விற்றன. தாளை இருட்டில் உள்ளே சுருட்டி வைத்து மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். மூடியின் வாய் வழியாகக் கொஞ்சம் கரைசல் ஊற்றி, டிரம்மைப் படுக்க வைத்து மேசைமேல் உருட்டினால் போதும். கை வலித்தால் அடியில் வைக்க ஒரு மோட்டார் உண்டு. சிலவகை மோட்டார்கள் ஒரு திசையில் கொஞ்சம், எதிர்த்திசையில் கொஞ்சம் என்று மாறி மாறிச் சுழற்றும். படுத்திருக்கும் டிரம்மின் அடியில் கரைசல் ஒரு சிறு குட்டையாகத் தேங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தாள் அதற்குள் முங்கி எழும். முழுத் தாளையும் மூழ்கடிக்கத் தேவையில்லாததால், தட்டில் ஒரு லிட்டர் ஊற்றும் இடத்தில் சில நூறு மில்லியே போதுமானதாயிற்று. 8x10 தாளின் பரப்பு 80 சதுர அங்குலம். நான்கு 4x5 பிலிம்களைச் சேர்த்தாலும் அதே 80. காகிதத்துக்குச் செய்த டிரம்மில் பிலிம் உட்கார்ந்தது இந்தக் கணக்குப் பொருத்தத்தால்தான். பிலிமை மனத்தில் வைத்துச் செய்யாததன் தடயமும் அதில் தெரிந்தது. பிலிமின் முதுகு டிரம் சுவரோடு ஒட்டிக்கொண்டால் அங்கே ஹைப்போ போய்ச் சேராது, முதுகில் பூசிய சாயம் திட்டுத்திட்டாகத் தங்கிவிடும். உள்சுவரில் வரம்பு ஓடும் டிரம்களில் இந்தத் தொல்லை குறைவு. மற்றவர்கள் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைத் துண்டை இடையில் வைத்துச் சமாளித்தார்கள்.

டிரம்முக்கு எதிராக எடுத்த எடுப்பில் சொல்லப்படும் பெயர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன். அவர் கடைசிவரை தட்டில்தான் கழுவினார். மங்கலான பச்சை விளக்கைச் சிறிது நேரம் போட்டு, பைரோ டெவலப்பரில் படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து நிறுத்துவார். அந்த நெகட்டிவ்களை மிஞ்ச இன்றும் ஆளில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெஸ்டனுக்குப் புகைப்படமே பிழைப்பு, அதற்கென்று ஓர் அறை இருந்தது, ஆயிரக்கணக்கான தாள்களில் பழகிய விரல்கள் இருந்தன. நான் பேசுவது அடுக்குமாடி வீட்டின் ஒரே குளியலறையை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்பவரைப் பற்றி. கைநுழைக்கும் கறுப்புப் பையில் பிலிமை ஏற்றிவிட்டு, சமையலறை மேடையில் விளக்கொளியில் மீதி வேலையை முடிக்க முடிந்ததே, அதுதான் அவரைப் பெரிய கேமராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. இடைவிடாத சுழற்சி பிலிமின் குணத்தையே மாற்றுகிறது என்பார்கள். உண்மைதான். புதுக் கரைசல் ஓயாமல் வந்து மோதுவதால் காண்ட்ராஸ்ட் ஏறும். நேரத்தைச் சுமார் 15 சதவீதம் குறைப்பது வழக்கம். பிலிமை அசைக்காமல் ஊறவிட்டு, வெளிச்சப் பகுதிகளை அடக்கி விளிம்புகளைக் கூர்மையாக்கும் முறைக்கு டிரம் ஒத்துவராது. டிரம்முக்குள் காற்றும் சேர்ந்து சுழல்வதால் வெஸ்டனின் பைரோ அதில் சீக்கிரம் கெட்டுப்போகும். டிரம்முக்கென்றே பைரோவின் கலவையை மாற்ற வேண்டி வந்தது. இவற்றுக்கு ஈடாக டிரம் கொடுத்தது சீர்மை. ஒரே பிலிம், ஒரே சூடு, ஒரே வேகம் என்றால் இன்று வந்தது நாளையும் வரும். எது பெரிது என்பது எடுப்பவர் என்ன தேடுகிறார் என்பதைப் பொறுத்தது. நான் சீர்மையின் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் அடுத்த படத்தைத் திட்டமிட முடிவது அதனால்தான்.

அதற்குச் சான்று ஃபில் டேவிஸ். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஜோன் சிஸ்டத்தின் உயிரே, ஒவ்வொரு தாளையும் அதனதன் காட்சிக்கேற்ற நேரம் கழுவுவதில் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புகைப்படம் கற்பித்த டேவிஸ் 1981-இல் ‘பியாண்ட் த ஜோன் சிஸ்டம்’ என்ற நூலை வெளியிட்டு, அந்த முறையை அளவீட்டின்மேல் நிறுத்தினார். அவர் வழியில் பிறந்த குழாய்களில் மோட்டார் கிடையாது. ஒரு குழாய்க்கு ஒரு தாள். மூடிக்குள் அளந்த டெவலப்பர் நிற்கும். குழாயை அதன்மேல் திருகி, தலைகீழாகக் கவிழ்த்த கணத்தில் நேரம் ஓடத் தொடங்கும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு உள்ளங்கையால் உருட்ட வேண்டும். ஆறு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் உருளும். ஒன்றை ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம், இன்னொன்றை ஒன்பதில். தட்டில் இருட்டோடு மல்லுக்கட்டிச் செய்த காரியம் இங்கே கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தது.

ஜெர்மனியின் கும்மர்ஸ்பாக்கில் 1923-இல் தொடங்கிய ஜோபோ நிறுவனம், வெந்நீர்த் தொட்டியையும் மோட்டாரையும் டிரம்மையும் ஒரே இயந்திரமாக்கியது. கலர் நெகட்டிவ் பிலிமுக்கென்று 1972-இல் வந்த சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி சூட்டில் 3 நிமிடம் 15 விநாடி நிற்க வேண்டும். அதைத் தட்டில் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. ஜோபோவின் எக்ஸ்பர்ட் டிரம்முக்குள் தாள்களை வைக்கத் தனித்தனி அறைகள் உண்டு. 3010 என்ற மாடலில் 4x5 தாள் பத்து வரை கழுவலாம். விலைதான் எட்டாத உயரம். டிஜிட்டல் வந்து வீட்டுக் கலர் பிரிண்ட் ஓய்ந்தபோது, பரணில் தூங்கிய பழைய டிரம்கள் கொஞ்சக் காசுக்குக் கைமாறின. வாங்கியவர்களில் ஷீட் பிலிம்காரர்களும் இருந்தார்கள். ஜோபோவும் இயந்திர உற்பத்தியை நிறுத்தி வைத்திருந்துவிட்டு, 2012-இல் சிபிபி-3 என்ற புது மாடலோடு திரும்பி வந்தது. பழைய டிரம்களுக்கு இன்றும் காகிதத்தின் அளவையே பெயராகச் சொல்கிறார்கள். 8x10 டிரம் என்று கேட்டு வாங்கி, அதற்குள் நான்கு 4x5 பிலிமை ஏற்றுகிறார்கள்.