கணையப் புற்றுநோய்: தூய விளிம்பு நீண்ட ஆயுளுக்குச் சான்றாகுமா?

கணையப் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன்பே கீமோதெரபியோ கதிர்வீச்சோ தர வேண்டும் என்போர் முதலில் முன்வைக்கும் சான்று அறுவை விளிம்பு. வெட்டியெடுத்த திசுவின் ஓரத்தில் புற்றணு இல்லையெனில் ஆர்-0. நுண்ணோக்கியில் தென்பட்டால் ஆர்-1. முன்சிகிச்சை ஆர்-0 விகிதத்தை உயர்த்துகிறது, எனவே ஆயுளையும் நீட்டும் என்பது அவர்கள் வாதம். இதன் முதற்பகுதிக்கு ஓரளவு சான்று உண்டு. அதை மட்டும் கொண்டு இரண்டாம் பகுதியை நிறுவ முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நெதர்லாந்தில் 246 நோயாளிகளிடம் நடந்த பிரியோபேங்க் ஆய்வில், ஒரு பிரிவினர் ஜெம்சிடபைன் என்ற கீமோ மருந்தும் கதிர்வீச்சும் பெற்றபின் அறுவைக்குச் சென்றனர். மறுபிரிவினர் நேரடியாகச் சென்றனர். ஆர்-0 விகிதம் முறையே 71%, 40%. ஆனால் இவை கட்டி அகற்றப்பட்டவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு: 72 பேரில் 51, 92 பேரில் 37. பிரிவுகளில் சேர்க்கப்பட்டவர்களோ 119, 127 பேர். நோய் பரவியதாலும் உடல் தளர்ந்ததாலும் கட்டியை அகற்ற முடியாமல் போனவர்களையும் சேர்த்தால் விகிதம் 43%, 29% ஆகிறது. 31 புள்ளி இடைவெளி 14 ஆகச் சுருங்குகிறது. பலன் மெய்தான், அதன் அளவு பாதிக்கும் குறைவு.

இதே ஆய்வின் நீண்டகால முடிவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு முன்சிகிச்சையில் 20.5%, நேரடி அறுவையில் 6.5%. இங்கே விளிம்பும் ஆயுளும் ஒரே திசையில் சென்றன. எப்போதும் அப்படி நிகழ்வதில்லை. வட ஐரோப்பிய நாடுகளின் நார்பேக்ட்-1 ஆய்வில், அகற்றக்கூடிய கணையத் தலைப்பகுதிக் கட்டிகளுக்கு ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கீமோதெரபிக் கூட்டு முன்னதாகத் தரப்பட்டது. ஆர்-0 விகிதம் 56%, நேரடி அறுவையில் 39%. 18 மாத உயிர்வாழ்வோ 60%, 73% எனத் தலைகீழானது. முழுதாக அகற்ற முடியுமா என்பது ஐயத்துக்குரிய எல்லைநிலைக் கட்டிகளை எடுத்துக்கொண்ட எஸ்பாக்-5 ஆய்வில், அகற்றப்பட்டவர்களின் ஆர்-0 விகிதம் முன்சிகிச்சைப் பிரிவுகளில் 23%, நேரடி அறுவையில் 14%. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆயினும் ஓராண்டு உயிர்வாழ்வு நேரடி அறுவையில் 39%, ஃபோல்ஃபிரினாக்ஸ் பிரிவில் 84%.

இம்முரணுக்கு ஒரு காரணம் நோயியல் கூடத்தில் இருக்கிறது. திசுவின் ஒவ்வொரு புறத்துக்கும் ஒவ்வொரு வண்ண மை பூசி, சிறுகுடல் அச்சுக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக அரிந்து பார்க்கும் முறையை 2006இல் லீட்ஸ் குழு கையாண்டபோது, கணையத் தலைப் புற்றில் ஆர்-1 விகிதம் 85% எனத் தெரிந்தது. ஹைடல்பெர்க்கில் இத்தகைய முறைக்கு மாறியதும் ஆர்-1 விகிதம் 14%இலிருந்து 76% ஆயிற்று. தேடிய முறை மாறியதே இந்த ஏற்றத்துக்குக் காரணம். ஓரத்தில் அணு இருந்தால்தான் ஆர்-1 என்பது ஒரு வரையறை; 1 மி.மீ.க்குள் இருந்தாலே ஆர்-1 என்பது மற்றொன்று. முன்சிகிச்சை பெற்ற கட்டியில் நார்த்திசுவுக்கிடையே புற்றணுக்கள் திட்டுத்திட்டாக எஞ்சுகின்றன. இரு திட்டுகளின் இடைவெளியே 1 மி.மீ.ஐத் தாண்டும்போது, விளிம்பருகே அணு தென்படாததைக் கொண்டு விளிம்பு தூயது என உறுதிகூற முடியாது.

மற்றொரு காரணம் நோயின் இயல்பு. கணையப் புற்று கல்லீரலுக்கு முன்கூட்டியே பரவிவிடக்கூடியது. விளிம்பு சொல்வது அறுவை நடந்த இடத்தின் நிலையை மட்டுமே. ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உடலெங்கும் பரவிய நுண்நோய். முன்சிகிச்சை அந்நோயைத் தொடக்கத்திலேயே தாக்க முயல்கிறது. வேகமாக முற்றும் நோயுள்ளவர்களைப் பயனற்ற பெரும் அறுவையிலிருந்தும் காக்கிறது. இவ்விரு நன்மைகளும் ஆர்-0 என்ற குறியீட்டில் பதிவாவதில்லை.

ஆகவே எல்லைநிலைக் கட்டிகளுக்கு முன்சிகிச்சையை ஆதரிக்க உயிர்வாழ்வுச் சான்றே போதும். எளிதில் அகற்றக்கூடிய கட்டிகளுக்கு ஆர்-0 உயர்வை மட்டும் காட்டி அதை வழக்கமாக்குவது முறையன்று. இத்துறையில் ஆய்வு வெளியிடுவோர் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட அனைவரையும் கணக்கில் கொண்டு ஆர்-0 விகிதத்தைத் தர வேண்டும். விளிம்புத் தொலைவை மில்லிமீட்டரிலும், திசுவை அரிந்த முறையை வெளிப்படையாகவும் குறிப்பிட வேண்டும். உயிர்வாழ்வையே முதன்மை முடிவாகக் கொள்ள வேண்டும்.